கைண்ட்லி இலக்கணம்

ப்ளீஸுக்கும் கைண்ட்லிக்கும் பேதமில்லை என்பது அகராதிக்காரர்களின் கட்சி. அவர்கள் கார்டன் ரீச்சில் கோப்பு பார்த்தவர்கள் அல்லர். கொல்கத்தாவின் அந்த ஆற்றங்கரைப் பகுதியில்தான் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் இருக்கிறது. பணிவுச் சொற்களை ஆராய இதைவிடத் தகுந்த களம் பூமியில் இல்லை என்பது நம் துணிபு.

காரணம் வரலாற்றில் கிடக்கிறது. அரியணை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் கொல்கத்தா வந்து, இங்கே மட்டியாபுருஜில் ஒரு குட்டி லக்னோவை அமைத்துக்கொண்டார். 'பெஹலே ஆப்' (முதலில் நீங்கள்) என்று மாறிமாறி உபசரித்தே ரயிலைக் கோட்டைவிட்ட நவாபுகளின் கதை லக்னோவுக்கே உரியது. வாஜித் அலி ஷா இறந்தது 1887. தென்கிழக்கு ரயில்வேயின் முன்னோடியான பெங்கால் நாக்பூர் ரயில்வே தோன்றியதும் 1887. நவாபின் உபசாரம் அந்த ரயில் கம்பெனிக்குள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தது என்பதற்கு இதற்குமேலும் சான்று கேட்பவர் ஆராய்ச்சிக்கு லாயக்கற்றவர்.

இனி இலக்கணம். கீழிருந்து மேலே போகும் தாளில் 'ஃபார் கைண்ட் இன்ஃபர்மேஷன்'. மேலிருந்து கீழே வரும் தாளில் வெறும் 'ஃபார் இன்ஃபர்மேஷன்'. தகவல் ஒன்றுதான், படியேறும்போது கருணை ஒட்டிக்கொள்கிறது, இறங்கும்போது உதிர்ந்துவிடுகிறது. ப்ளீஸ் இன்னும் நுட்பமானது. குமாஸ்தா எழுதினால் வாக்கியத்தின் வாலில் நிற்கும்: 'புட் அப் ஃபார் ஆர்டர்ஸ் ப்ளீஸ்'. அதிகாரி எழுதினால் தலையில் ஏறும், அதுவும் இரண்டெழுத்தாய்ச் சுருங்கி: 'பிஎல். ஸ்பீக்'. இதைக் கண்டதும் குமாஸ்தா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கற்றுத்தந்தது என்பாரும் உளர். மறுக்கிறோம். தாழ்ந்தோன் 'ஈ' என்று கேட்பான், ஒத்தோன் 'தா' என்பான், உயர்ந்தோன் 'கொடு' என்பான் என்று தொல்காப்பியர் எச்சவியலில் என்றைக்கோ விதித்தாயிற்று. டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு கல்கத்தாவுக்கு மெயில் ஏறிய நம்மவர்கள் இதையும் டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள் என்பதே எம் கொள்கை.

கற்போர் கவனிக்க வேண்டியது டி.ஓ. எனப்படும் டெமி அஃபிஷியல் கடிதம். 'சார்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடியும் கடிதத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. ஆபீஸ் மெமோரண்டத்தில் விளியே கிடையாது. எழுதுபவர் 'கீழே கையொப்பமிட்டவர்' என்று தம்மையே மூன்றாம் மனிதராக்கிக்கொள்வார். அதுவும் சாதுதான். 'மை டியர்' என்று பெயர் சொல்லி அழைத்து, 'ஐ ஷல் பி கிரேட்ஃபுல்' என்று குழைந்து, 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடித்தால்தான் வயிற்றைக் கலக்கும். நினைவூட்டல்கள் எதுவும் பலிக்காத பிறகு வருகிற அன்பு அது.

இப்போது தாள் போய் ஈ-ஆபீஸ் வந்துவிட்டது. ஆயத்தக் குறிப்புகளைச் சொடுக்கினாலே போதும், பணிவு தானாக விழும். ஈ-ஆபீஸ் என்று பெயர் சூட்டியவர் எச்சவியல் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். பொது மேலாளரே ஆனாலும், கோப்பைத் திறக்கத் தாழ்ந்தோன் சொல்லில்தானே தொடங்க வேண்டியிருக்கிறது!