தேக்கடி ஏரியில் நீந்த அனுமதி கோரி ஒரு மனு

அனுப்புநர்: கம்பம் பள்ளத்தாக்குப் பாசனதாரர் ஒருவர்.

பெறுநர்: தேக்கடி ஏரிக்குப் பொறுப்பானவர் எவரோ, அவர்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

பெறுநர் பெயரை மொட்டையாக விட்டதற்குக் கோபிக்க வேண்டாம். ஏரி கிடக்கும் நிலம் கேரளத்துடையது. அதன் தண்ணீர் குத்தகைப்படி தமிழ்நாட்டுக்கு. சுற்றியுள்ள காடு 1978 முதல் புலிகள் காப்பகம். ஆக, அது புலிக்கு. ஏரியைத் தேக்கி நிற்கும் பெரியாறு அணையில் எத்தனை அடி தேக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் சொல்லும். இதற்கு நடுவே ஒரு மனுஷன் முங்கிக் குளிக்க யாரிடம் மனுப் போடுவது?

விஷயம் இதுதான். சென்னையிலிருந்து என் மச்சினன் குடும்பத்தோடு வருகிறான். செல்போனில் ஏதோ வெளிநாட்டு ஏரியைப் பார்த்ததிலிருந்து மூன்று ஆசைகள்: காட்டுக்குள் நடக்க வேண்டும், ஏரியில் நீந்த வேண்டும், கரையில் கூடாரம் அடித்துத் தூங்க வேண்டும். "உங்களுக்குத்தான் பக்கத்துலயே தேக்கடி இருக்கே மாமா" என்கிறான், என் வீட்டுக் கொல்லையைச் சொல்வதுபோல.

நடையைப் பற்றிப் புகார் இல்லை. முழங்கால் வரை அட்டைக் காலுறையை இழுத்துக் கட்டி, வழிகாட்டியோடு அனுப்பி வைக்கிறீர்கள். அட்டையும் தன் கடமையில் குறை வைப்பதில்லை. துணியின் மேல் ஊசி முனையாக நின்று தலையை ஆட்டி ஆட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று தேடுகிறது. அவ்வளவு சிரத்தையாக மனுவைப் படிக்கும் குமாஸ்தாவை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

சிக்கல் நீச்சலில்தான். குத்தகைதாரன் என்ற முறையில் வாதத்தை வைக்கிறேன். 1886இல் திருவிதாங்கூரும் ஆங்கிலேய அரசும் போட்ட ஒப்பந்தப்படி 8,000 ஏக்கர், 999 வருஷம், ஏக்கருக்கு 5 ரூபாய். 1970இல் அதைத் திருத்தி வாடகையை 30 ரூபாயாக்கினார்கள். அப்போது மீன்பிடிக்கும் உரிமையை நாங்கள் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தோம். சரி, மீன் போயிற்று. நீச்சலை எப்போது விட்டுக்கொடுத்தோம்? எழுதித் தராததெல்லாம் நம்முடையது என்பது எங்கள் ஊர் வரப்புச் சண்டைகளில் பலமுறை நிலைநாட்டப்பட்ட சட்டம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பீர்கள். இந்த ஏரியின் ஆழம் தெரியாத ஆள் தேனி மாவட்டத்தில் உண்டா? காலையில் பேப்பரைப் பிரித்தால் தங்கம் விலைக்கு முன்னால் நாங்கள் பார்ப்பது பெரியாறு அணை நீர்மட்டம். 142 அடியைத் தொட்டால் டீக்கடையில் முகமே வேறாக இருக்கும். பொங்கலன்று பென்னிகுவிக் படத்துக்கு மாலை போடும் ஊர்க்காரர்கள் நாங்கள். அவர் 1895இல் கட்டி முடித்த அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, லோயர் கேம்பில் மின்சாரமாகிவிட்டு, கூடலூரைத் தாண்டும்போது எங்கள் பையன்கள் அதில் குட்டிக்கரணம் அடிக்கிறார்கள். டிக்கெட் இல்லை. அதே தண்ணீர் மலைக்கு மேலே இருக்கும்போது மட்டும் தொடக் கூடாதாம்.

மேலும், யானை நீந்துகிறது. குட்டியை நடுவில் விட்டுக் கூட்டமாக அக்கரைக்குப் போகிறது. நீர்நாய் குடும்பம் குடும்பமாக முங்குகிறது. அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் இன்னும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றனவே, அவற்றின் உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போடுகிறது. இவர்களில் யார் ஏக்கருக்கு 30 ரூபாய் கட்டுகிறார்கள்? இதை வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் தண்ணீரோரச் சேற்றைக் காட்டினார். சோற்றுச் சட்டி அகலத்துக்கு ஒரு குழி, அதில் நீர் இன்னும் கலங்கிக்கொண்டிருந்தது. "இப்பத்தான் ஏறிப் போச்சுண்ணே. நீங்க வேணா எறங்குங்க, நான் மேல நிக்கிறேன்" என்றார்.

படகில் எழுந்து நிற்காதீர்கள் என்று சொல்வதைப் பற்றி மட்டும் நான் வாதாடவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.

கடைசியாக, கூடாரம். புலித் தடம் என்று ஒரு பயணம் வைத்து, இரவு காட்டில் தங்கவைப்பதை அறிவேன். கூட வருகிறவர்களில் பலர் முன்பு இதே காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து விற்றவர்கள் என்பதும், அவர்களையே காவலுக்கு வைத்தீர்கள் என்பதும் தெரியும். எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளியலாம் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? இந்த ஒரு காரியத்துக்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் மச்சினன் அனுப்பிய பட்டியல் வேறு: புளூடூத் ஸ்பீக்கர், கரி அடுப்பு, மசாலா தடவிய கோழி நான்கு கிலோ, இரவு முழுக்க எரியும் சீரியல் பல்பு. புலி காலை எட்டு மணிக்குள் வந்து போய்விட்டால் நல்லதாம். பத்து மணிக்கு வீரபாண்டியில் இவர்களுக்கு விருந்து. பின்னணியில் ஏரி தெரிகிற மாதிரி நிற்க வேண்டுமாம், புலி.

ஆகவே, மேற்கண்ட வாதங்களைக் கனிவோடு பரிசீலித்து, மனுவைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீச்சல் இல்லை, பாட்டு இல்லை, கோழி இல்லை என்று தனித்தனி வரியாகவே எழுதுங்கள். நான் வாயால் சொன்னால் என் வீட்டில் எடுபடாது. மனைவிக்கு அவன் ஒரே தம்பி. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள், அதற்குள் கிடைத்தால் உபகாரம். முத்திரையைக் கொஞ்சம் பெரிதாகவே குத்துங்கள்.

இப்படிக்கு,
குத்தகைதாரர்களில் ஒருவன்