லேமினேஷன் போட்ட கடல்

பெங்களூரில் தமிழர் குடியிருக்கும் எந்தப் பேட்டையை எடுத்துக்கொண்டாலும், அல்சூரோ, ஸ்ரீராமபுரமோ, ராமமூர்த்தி நகரோ, பாண்டிச்சேரிக்குத் திட்டம் போடுகிறவர் ஒருவர் இருப்பார். பாண்டிச்சேரிக்குப் போகிறவன் வேறு. அவன் வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் கிளம்பி, திங்கட்கிழமை கண் சிவக்க ஆபீசுக்கு வந்து சேருவான். அவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் சொல்ல வந்தது போகாதவரைப் பற்றி.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர் அப்படி ஒருவர். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஆணியைக்கூட எண்ணித்தான் கொடுப்பார். அவருடைய பாண்டிச்சேரித் திட்டம் ஏ-4 தாளில் அச்சாகி, லேமினேஷன் போடப்பட்டு, டிவி ஸ்டாண்டு மேல் சாய்ந்து நிற்கிறது. வழியில் மழை வந்தால் நனைந்துவிடக் கூடாதாம். எத்தனை மணிக்கு எந்த ஊர், எங்கே காபி, யாருக்கு எத்தனை இட்லி எல்லாம் அதில் உண்டு. கிருஷ்ணகிரி தாண்டியதும் 'ஒதுங்க 7 நிமிடம்' என்று ஒரு வரி. அதில் பெண்களுக்கு 7, ஆண்களுக்கு 3.

"கடல் நமக்குக் கீழேதான் சார் இருக்கு" என்பார். "நாம 900 மீட்டர் உயரத்துல உட்கார்ந்திருக்கோம். 310 கிலோமீட்டரும் இறக்கம். பெட்ரோல் மிச்சம்."

"திரும்பி வர்றப்போ?"

"அது தனித் தாள் சார்."

ஏன் பாண்டிச்சேரி, மங்களூர் ஆகாதா என்றால், சிராடி மலைப்பாதையில் அவர் மனைவிக்குத் தலைசுற்றல். கோகர்ணம் தூரம். சென்னை? "சென்னைக்குப் போனா கடலைப் பார்க்க முடியாது சார். சொந்தக்காரங்களைத்தான் பார்க்கணும்."

பாண்டிச்சேரி என்றதும் தெருவில் பாதிப்பேர் கண்ணடித்து ஒரே ஒரு விலையை மட்டும் விசாரிப்பார்கள். அவருக்கு அது மகா அவமானம். பாரதி 1908இல் அங்கே போய் 1918 வரைக்கும் தங்கினது சரக்கு மலிவு என்றா, என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள் என்பது தெரியும். எந்தத் தெரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்பது தெரியும். அந்த ஊரில் ஏன் காந்தி சிலைக்கு முன்னால் மணல் இல்லாமல் கருங்கல்லாகக் கொட்டிக் கிடக்கிறது என்பதை ஒருநாள் தர்ஷினியில் எனக்கு விளக்கினார். நின்றுகொண்டே சாப்பிடும் மேசை, பை-டூ காபி, ஒரு தட்டில் வடை.

"மணல் வருஷத்துல முக்கால்வாசி மாசம் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துட்டே இருக்கும் சார்" என்று சட்னியை ஸ்பூனால் தள்ளினார். "எண்பதுகள்ல துறைமுகம் கட்டறேன்னு குறுக்கே அலைதடுப்பு போட்டாங்க." வடையைக் குறுக்கே வைத்தார். "இப்போ பாருங்க. வடைக்குத் தெற்கே சட்னி குவியுது. வடக்கே தட்டு தெரியுது. தட்டு தெரியற இடம்தான் காந்தி சிலை."

பின்னால் இடத்துக்குக் காத்திருந்தவர், "ஸ்வல்ப ஜாக பிடி சார்" என்று கெஞ்சினார். நம்மவர் நகரவில்லை. சமீப வருஷங்களில் கடலுக்கடியில் ஒரு தடுப்பு வைத்து மணலைக் கொஞ்சம் மீட்டிருக்கிறார்கள், அதற்குக் காபி டம்ளர் தேவைப்பட்டது. வடையைக் கடைசிவரை சாப்பிடவில்லை. துறைமுகத்தை எப்படிச் சாப்பிடுவது?

தேதி குறிப்பதில்தான் அவருடைய முழுத் திறமையும் தெரியும். ஒருமுறை நவம்பர் 1ஐக் கண்டுபிடித்துவிட்டு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். 1954இல் அந்தத் தேதியில்தான் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். 1956இல் அதே தேதியில்தான் கர்நாடகம் பிறந்தது. "அங்கே விடுதலை நாள், இங்கே ராஜ்யோத்சவ. ரெண்டு ஊருக்கும் ஒரே லீவு சார்!" தாள் அச்சானது. பிறகுதான் அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பது நினைவுக்கு வந்தது. தள்ளிப்போட்டார். 2011இல் தானே புயல், 2024இல் ஃபெஞ்சல். பாண்டிச்சேரிக்குப் புயல் வரும் ஒவ்வொரு முறையும் டிவி முன்னால் உட்கார்ந்து, "நல்லவேளை, போகல" என்பார். ஃபெஞ்சலில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தபோது அவர் முகத்தில் இருந்ததைக் கவலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாளில் காலை 9:15க்கு 'மணக்குள விநாயகர். லட்சுமிக்கு வாழைப்பழம் 6' என்று ஒரு வரி உண்டு. லட்சுமி அந்தக் கோயில் யானை. 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சி போகும்போது சரிந்து விழுந்து இறந்துபோனது. அன்றைக்கு அவர் யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை தாளைத் திருத்தியிருக்கிறார். அந்த வரியை மட்டும் எடுக்கவில்லை.

கடைசியில் நாங்கள் கிளம்பியே விட்டோம். காரணம் நிலா. கிழக்குக் கடற்கரை, பௌர்ணமி, சூரியன் பின்னால் இறங்க நிலா கடலிலிருந்து முன்னால் ஏறும். அந்த நேரத்துக்குக் காந்தி சிலையடியில் நிற்க வேண்டும். மழை ஓய்ந்த மாசம், பௌர்ணமி விழுந்தது சனிக்கிழமை. தாளில் சிவப்பு மையில் '6:10, நிலா'.

நாலு மணிக்குப் புறப்பாடு என்று போட்டிருந்தது. பால் வந்து, சிலிண்டரை மூடி, துளசிக்குத் தண்ணீர் ஊற்றி, மூடிய சிலிண்டரை அவர் மனைவி திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது ஆறே முக்கால். சில்க் போர்டு சிக்னலிலேயே கிருஷ்ணகிரி இட்லியைப் பிரித்துவிட்டோம். அதன் பிறகு வண்டி நன்றாகத்தான் போனது. ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம். செங்கம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றது. அதற்கு முன்னால் ஒரு வேன். அதற்கு முன்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் வண்டி.

அவர் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னவாம்?" என்றேன்.

"திருவண்ணாமலை சார்."

"அது தெரியுது. ஏன் நிக்குது?"

"பௌர்ணமி."

கடலில் நிலா எப்போது ஏறும் என்று நிமிஷக் கணக்கில் பார்த்தவர், அதே நிலாவுக்காக ஊர் உலகமே கிரிவலத்துக்கு நம் வழியில் வந்து கூடும் என்பதைப் பார்க்கவில்லை. காரில் ஏசியை அணைத்தாயிற்று. அவர் மனைவி அந்த லேமினேஷன் தாளை எடுத்து விசிற ஆரம்பித்தார். நல்ல காற்று வந்தது. அந்தத் தாள் முதல்முறையாக உபயோகப்பட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"ஏங்க, வந்ததே வந்தோம்" என்றார் அந்த அம்மா. "சுத்திட்டே போயிடலாம்."

14 கிலோமீட்டர். வண்டியை ஊருக்கு வெளியே ஓரங்கட்டிவிட்டு வெறுங்காலோடு நடந்தோம். அந்த அம்மா ஒவ்வொரு லிங்கமாக நின்று கும்பிட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார். இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். நிலா ஏறியபோது என் தோளைத் தொட்டார்.

"6:22. மலை பன்னிரண்டு நிமிஷம் மறைச்சுடுச்சு சார். கடல்ல இந்தத் தொந்தரவு இல்லை."

மறுநாள் காலில் கொப்புளத்தோடு பெங்களூர் திரும்பினோம். அந்தத் தனித் தாள் அவரிடம் இல்லாததால் வந்த வழியே வந்தோம், உண்மையிலேயே ஏற்றம்தான்.

போன வாரம் புதுத் தாள் வந்துவிட்டது, லேமினேஷன் சூடு ஆறாமல். இந்த முறை அமாவாசை. நிலாவே கிடையாது, ஆகவே கிரிவலக் கூட்டமும் கிடையாது. கடலுக்கு மேல் நட்சத்திரம் மட்டும். படிக்கட்டில் நின்று அவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பூக்காரம்மா முழம் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அமாவாசைக்கா சார் போறீங்க? நம்ம தெருமுனையிலருந்தே மேல்மலையனூருக்கு வேன் போடறாங்களே. அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க இங்கருந்தே எவ்ளோ ஜனம் போகுது! ராத்திரி முழுக்க ரோடு கொள்ளாது."

அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரல் திருவண்ணாமலையில் புறப்பட்டு மெல்லக் கிழக்கே நகர்ந்தது.

"அது செஞ்சி ரோடுதானேம்மா?"

"அதே ரோடுதான் சார்."