தலையில வச்சிருக்கேன்!

எஹலியகொட டவுனிலிருந்து எந்தத் தோட்டத்துப் பாதையில் ஏறினாலும், முதலாவது லயத்திலோ இரண்டாவது லயத்திலோ ஒரு மருதாணி அக்கா இருப்பார். வயது நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில். அறுபதைத் தாண்டியிருந்தாலும் தாண்டியதாக எந்தப் பதிவும் இருக்காது. அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "மருதாணி அக்காவா? அந்தத் தொங்கல் காம்பரா" என்று சின்னப்பிள்ளையும் கை காட்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமென்றால் இஸ்தோப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டே போகலாம். உட்கார்ந்தவர் தலை சாயும் உயரத்தில், வட்டமாக ஒரு செம்மஞ்சள் கறை எந்தச் சுவரில் இருக்கிறதோ அதுதான் வீடு. தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பொங்கலுக்குள் கறை திரும்பி வந்துவிடும்.

அக்கா உலகத்து மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்: டை அடிக்கிறவர்கள், மருதாணி வைக்கிறவர்கள். சாதி, சமயம், தொழிற்சங்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கோயில் கமிட்டிக்கு யாரைத் தலைவராகப் போடலாம் என்பதைக்கூட ஆளின் மீசையைப் பார்த்துத்தான் சொல்வார். "மீசை மட்டும் கருகருன்னு இருக்கு, நெஞ்சுல பூரா வெள்ளை. இவன் கையில உண்டியல் சாவியக் குடுத்தா வெளங்குமா?" தான் நரையை மறைக்கவில்லை என்பது அவர் கட்சி. "நான் குளுமைக்கு வைக்கிறேன்." குளுமைக்கு வைக்கிற மருந்து நெற்றியோரத்திலும் காதோரத்திலும் மட்டும் ஏன் இரண்டு பூச்சு வாங்குகிறது என்று கேட்கிறவருக்கு அந்த வீட்டில் பிளேன்டீ கிடைக்காது.

டை விசயத்தில் அவர் பேச்சை முழுக்கத் தள்ளிவிடவும் ஏலாது. பார்மசியில் 'கறுப்பு ஹென்னா' என்று பெயர் போட்டு ஒரு பக்கெட் விற்கிறார்களே, அதை அவர் வீட்டு வாசலில் ஏற்ற மாட்டார். "செடியில கறுப்பு ஏதுடா?" என்பார். சரியான கேள்வி. மருதாணி இலை தருவது செம்மஞ்சளில் தொடங்கிச் செம்பழுப்பில் முடிகிற நிறம். கறுப்பு அதில் கிடையாது. அவுரியைச் சேர்த்துப் பொறுமையாகக் கறுப்பாக்குகிற வழி உண்டு. ஆனால் அரை மணித்தியாலத்தில் மை போலக் கறுக்கிற பொடியில் பெரும்பாலும் இருப்பது பரா-பினைலீன்டையமீன் என்கிற இரசாயனம். ஒத்துக்கொள்ளாத தோலில் பட்டால் கண் இமை வரை வீங்கவைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் தலைச்சாயத்தில் அதை 2 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. அக்காவுக்கு ஐரோப்பா தெரியாது. மூன்றாவது லயத்து மாப்பிள்ளை கலியாணத்துக்கு முதல் நாள் அந்தப் பக்கெட்டைப் பூசி, தாலி கட்டும் நேரம் பெண் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று கேட்டுக் கட்டிய கதைதான் தெரியும். வருசம் ஏற ஏற அந்த மாப்பிள்ளையின் முகம் அக்கா வாயில் வீங்கிக்கொண்டே போகிறது.

ஆனால் இயற்கை அக்காவுக்கு ஒரு துரோகம் செய்திருக்கிறது. மருதாணி காய்ந்த மண்ணின் செடி. கொளுத்துகிற வெயிலில், தண்ணீருக்கு ஏங்கி வளர்ந்தால்தான் இலையில் சாயம் இறங்கும். இந்தியாவில் அதற்குப் பேர்போன ஊர் ராஜஸ்தானில், பாலைவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சோஜத். அந்த ஊர் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடே கொடுத்தார்கள். எஹலியகொடவிலோ வருசத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. வைகாசியில் பிடித்தால் புரட்டாதி வரை விடாது. விட்டாலும் ஐப்பசியில் பின்னேரம் இடியோடு திரும்பி வரும். கானோரத்தில் அக்கா நட்ட செடி கூரைத் தகரத்தை எட்டிப் பார்க்கிறது. இலை பச்சைப்பசேல் என்று கொழித்திருக்கிறது. ஆடும் தின்னாமல், அட்டையும் ஏறாமல் ராஜமரியாதையோடு நிற்கிறது. பறித்து அரைத்துப் பூசினால் விரல் நகம்கூடச் சிவப்பதில்லை.

இதை அக்கா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "செடியில கோளாறு இல்ல, கை ராசிதான்" என்று மருமகளைப் பார்ப்பார். அரிசி வாளிக்குள் அடியில் ஒரு இந்தியப் பொடிப் பக்கெட் ஒளிந்திருப்பது மருமகளுக்கும் தெரியும். டவுனில் அதை வாங்கும்போது கடைக்காரர் சிங்களத்தில் "மரதொண்டிதானே அக்கே?" என்று பஸ் தரிப்பிடம் வரைக்கும் கேட்கிற குரலில் கேட்பார். அக்கா அப்போதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அதை "இலைக்குத் துணைக்கு" என்று அறிமுகப்படுத்துவார். ஒரு பங்கு இலைக்கு நாலு பங்கு துணை.

இனித் தயாரிப்பு. முதல் நாள் ராத்திரியே அடுப்படியில் வேறு வேலை நடக்காது. இலை அம்மியில் போகும். "கிரைண்டர்ல அடிச்சா சூடு ஏறும்." அதோடு வெந்தயம், செவ்வரத்தம் பூ, கற்றாழை, கருவப்பிலை, நாலு கராம்பு, ஒரு தேசிக்காய், கொஞ்சம் தயிர், இருந்தால் ஒரு முட்டை. பேரப்பிள்ளை எட்டிப் பார்த்து, "அப்பாயி, இதுக்குச் சோறா ரொட்டியா?" என்று கேட்டு ஒரு குட்டு வாங்கிக்கொண்டு போவான். கடைசியில் தேயிலைத் தூளைச் சுண்டக் காய்ச்சி ஊற்றி, எல்லாவற்றையும் இரும்புத் தாச்சியில் போட்டு விடியும்வரை மூடி வைப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், பாதி உண்மையாகவே வேலை செய்யும். தேசிக்காய்ப் புளி இலைக்குள் இருக்கும் சாயத்தை வெளியே கொண்டுவரும். அந்தச் சாயம் மயிரின் கெரட்டின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் கழுவிப் போகாது; வளர்ந்துதான் போக வேண்டும். தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கலவை கறுக்கும். பழைய காலத்து எழுத்து மை செய்த வித்தையும் அதற்குப் பக்கத்து வித்தைதான். முட்டை எதற்கு என்று அக்காவுக்கும் தெரியாது. அம்மா போட்டார், இவர் போடுகிறார்.

அந்தத் தேயிலைக்கு ஒரு தனிக்கதை உண்டு. சப்ரகமுவ தாழ்நிலத்துத் தேயிலை கறுத்துச் சுருண்டு, கடுஞ்சாயமாக இறங்கும். மத்திய கிழக்குக்காரர்களுக்கு அதில் ஒரு மோகம்; நல்ல இலை அங்கே கப்பலேறிவிடும். அதே வழியில் நம் பெண்களும் வீட்டு வேலைக்குப் போனார்கள். அக்காமாரில் ஒரு பிரிவினர் அப்படிக் குவைத்துக்கும் சவூதிக்கும் போய் வந்தவர்கள். பெருநாளுக்கு முன் அந்த வீட்டு எஜமானியம்மாமார் தலைக்கு மருதாணி வைப்பதைப் பார்த்து, வைத்துவிட்டு, கற்றுக்கொண்டு வந்தவர்கள். இவர்களுக்கு உள்ளூர் அக்காமாரோடு ஒத்துப்போகாது. "அங்கெல்லாம் முட்டை போட மாட்டாங்க" என்று ஒருத்தி சொன்னதற்காக இரண்டு லயங்கள் ஒரு கிழமை பேசாமல் இருந்ததுண்டு.

பூசுகிற நாள் போயா தினம். அதற்கு மதக் காரணம் எதுவும் இல்லை. போயாவுக்கு நாடு முழுக்க லீவு, பள்ளிக்கூடமும் இல்லை, சாராயக் கடையும் திறக்காது. ஆகையால் மகன் வீட்டில் இருப்பான், பேரன் வீட்டில் இருப்பான், அக்காவின் வீட்டுக்காரரும் வேறு வழியில்லாமல் தெளிவாக வீட்டில் இருப்பார். ஏவுவதற்கு ஆள் குறையில்லாத நாள், மாசத்தில் அது ஒன்றுதான்.

விடியலில் இஸ்தோப்பில் பலகை போட்டு உட்காருவார். கழுத்தைச் சுற்றிப் பழைய சீத்தைத் துணி. மருமகள் வகிடு எடுத்து எடுத்து அப்புவாள். அப்பி முடிந்ததும் தலை ஒரு சுற்றுப் பெரிதாகி, அதன்மேல் ஒரு சிலிசிலி பை ஏறும். 2017இல் மெல்லிய பொலித்தீனுக்கு அரசாங்கம் தடை போட்டபோது அந்தத் தோட்டத்தில் மனவருத்தப்பட்ட ஒரே ஜீவன் அக்காதான். பழைய பைகளைக் கழுவிக் காயவைத்து மடித்து, நகைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

பை ஏறிய கணத்திலிருந்து ஆட்சி தொடங்கும். "அம்மா, உப்புப் போத்தல் எங்க?" "தலையில வச்சிருக்கேன்!" "அக்கா, சீட்டுக் காசு..." "தலையில வச்சிருக்கேன்ல, நாளைக்கு வா." "என்னாங்க, அந்த ஆட்ட அவுத்துக் கட்டுங்க, நான் தலையில வச்சிருக்கேன்." கணவர் முணுமுணுத்துக்கொண்டே எழும்புவார். முப்பது வருசமாக ஆட்டை யார் கட்டியது என்று அவருக்கும் தெரியும். சங்கத் தலைவர் சந்தா கேட்டு வந்தாலும் அதே பதில்தான். மூன்று மணித்தியாலம் ஊற வேண்டும் என்பது கணக்கு. அக்கா தலையில் ஐந்துக்குக் குறைந்து ஊறியதில்லை. காலம்பற நாலு மணிக்கு எழும்பி, அடுப்பை மூட்டி, பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி, இருநூறு முந்நூறு றப்பர் மரத்தில் பால் வெட்டி, பாலை ஊற்றிவிட்டு வந்து விறகு பொறுக்குகிற ஒரு பெண்ணுக்கு, கையைக் காலை நீட்டி உட்கார வேறு எந்தச் சாக்கும் செல்லாது. தலைவலி என்றால் பெனடோல் கொடுப்பார்கள். தடிமன் என்றால் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு வேலையைப் பார் என்பார்கள். தலையில் பச்சையாக ஏதோ வழிகிறது என்றால் மட்டும் ஒருவரும் கிட்ட வர மாட்டார்கள். துரைமாரிடம் போராடிச் சங்கங்கள் வாங்கித் தராத லீவு அது. மருமகளும் இதைக் கவனித்துவிட்டாள் போலிருக்கிறது. அவளுக்கு நரை கிடையாது, வயது இருபத்தெட்டு. போன மாசம் தனக்கும் கொஞ்சம் "குளுமைக்கு" வேண்டும் என்றாளாம். அக்கா யோசிக்கிறார். இரண்டு பேரும் ஒரே நாளில் உட்கார்ந்தால் சோறு யார் ஆக்குவது?

கழுவுவதுதான் கண்டம். பீலியில் தண்ணீர் வருகிற நேரத்துக்கும் மருதாணி ஊறி முடிகிற நேரத்துக்கும் ஒருநாளும் பொருத்தம் பார்த்து வைத்ததில்லை. ஊறி முடிந்தால் பீலி வற்றியிருக்கும். தண்ணீர் வந்தால் மழையும் கூடவே வரும். பாதிக் கழுவலில் மழை பிடித்து, பச்சைத் தண்ணீர் முதுகில் கோடு கோடாக இறங்க அக்கா லயத்தை நோக்கி ஓடுகிற காட்சியைப் பார்த்துப் பக்கத்து வீட்டு நாய் இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை என்பார்கள்.

மறுநாள் பிரட்டில் கங்காணி முதலில் தலையைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார். பத்து விரலும் பழுத்திருக்கும். "என்னாக்கா, வீட்டுல கலியாணமா?" "பேரைப் போடு தம்பி" என்பார் அக்கா. தலைத்துணியை விலக்கினால் கறுப்பு மயிரெல்லாம் கறுப்பாகவே இருக்க, நரைத்தது மட்டும் தனித்தனியாகத் தீப்பிடித்து நிற்கும். மறைக்க நினைத்ததை எண்ணிப் பார்க்கலாம். "ரெண்டு நாள் போகட்டும், கறுக்கும்." கறுக்கவும் செய்யும், கொஞ்சம். மருதாணிச் சாயம் காற்றுப் பட்டுப் பட்டு ஓரிரு நாளில் ஆழ்ந்து போவது உண்மைதான். ஆனால் மயிர் மாசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவு வளர்ந்துவிடுகிறதே. அதனால் அக்காவின் வகிட்டைப் பார்த்தே அடுத்த போயாவுக்கு எத்தனை நாள் என்று சொல்கிறவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். கலண்டர் வாங்காத வீடுகளும் உண்டு.

அக்காவின் பொற்காலம் 2022. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. டை பக்கெட்டின் விலையைக் கேட்டு டவுன் மாஸ்டர்மாரின் மீசையெல்லாம் ஒரே மாசத்தில் ஓய்வுபெற்றன. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கிரைண்டர் இல்லை, சலூனில் லைற் இல்லை. அம்மியும் அக்காவும் மட்டும் அப்படியே இருந்தார்கள். கோயில் கமிட்டித் தலைவரே பொழுது சாய்ந்த பிறகு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கிண்ணத்தோடு தொங்கல் காம்பராவுக்கு வந்ததாகக் கேள்வி. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லையாம். கொடுத்தனுப்பினாராம். முட்டைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டாராம்.

ஒரு வருசம் தைப்பொங்கலுக்கு முந்தின நாள், அவிசாவளைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு இரத்தினபுரி பஸ்ஸில் திரும்பினார். முன் தினம்தான் பூசியிருந்ததால் தலை முழுச் சுடரில் இருந்தது. பக்கத்து சீட்டில் ஒரு மாணிக்க வியாபாரி. பழக்க தோசத்தில் சன்னல் வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்து, அக்காவின் காதோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பத்பராட்சா என்று ஒரு கல் உண்டு, நீலக்கல்லுக்குச் சகோதரம். இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த தாமரை நிறம். இலங்கைக்குப் பேர் வாங்கித்தந்த கல், கிடைப்பது அபூர்வம். "அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றார். "இந்த நிறத்துல எனக்கு ஒரு கல்லுக் கெடச்சிருந்தா நான் இந்த பஸ்ஸுல வர மாட்டேன்."

பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, மங்கின கல்ல அடுப்புல போட்டுச் சுட்டுத்தானே நீங்க நிறம் ஏத்துறீங்க?"

"அது... எல்லாக் கல்லும் இல்ல அக்கா. சிலது."

"அப்ப டை அடிக்கிறது நீங்கதான். இது சுடாத கல்லு."

கண்டக்டர் மிச்சக் காசு கொடுப்பதை மறந்துவிட்டார். எஹலியகொட வரும்வரை வியாபாரி வாயைத் திறக்கவில்லை. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போகும் நேரம், அவர் தன் நரைத்த மீசையை ஒரு தடவை நீவிவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டார்:

"அக்கா, இதுக்கு முட்டை கட்டாயம் போடணுமா?"