ராம பாணமும் ஐந்து ரூபாய்ப் பசையும்

"அப்பா, வேன் போயிடுச்சு" என்றாள் மகள்.

மாலை ஆறரை மணி. பள்ளிக்கூட வேன் அவளை இறக்கிவிட்டுப் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. "போனா போகட்டும், காலையில வரும்" என்றேன். எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் தகப்பன்மாருக்கென்றே தனியாக ஒரு பார்வை வைத்திருக்கிறார்கள். அதை என்மேல் செலுத்திவிட்டு, பைக்குள் கைவிட்டு ஆறு அம்புகளை எடுத்துத் திண்ணையில் பரப்பினாள்.

அம்பின் வாலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் இறகுக்கு வேன் என்று பெயராம். ஓர் அம்புக்கு மூன்று. இவள் அம்புகளில் ஒன்றில் இரண்டு இருந்தது, இன்னொன்றில் ஒன்று, மற்றொன்றில் பசைத் தழும்பு மட்டும். மிச்சமெல்லாம் ஆடிக் காற்றில் சிக்கிய வாழையிலை மாதிரி கிழிந்து தொங்கின.

"இப்படியே விட்டா என்னாகும்?"

"பக்கத்துப் பொண்ணு போர்டுல போய்க் குத்தும்ப்பா. போன வாரம் குத்துச்சு. அவ அதையும் சேர்த்து எண்ணி மார்க் எழுதிக்கிட்டா."

"சரி விடு, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். எங்கள் வீட்டில் இதுவரை நடந்த வீண்செலவுகள் எல்லாமே இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

அம்பு விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அரூர் பக்கம் தீர்த்தமலை. மேலே தீர்த்தகிரீசுவரர் கோயில். இலங்கைப் போர் முடிந்து திரும்பிய ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்து, காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினாராம். அனுமன் வரத் தாமதமாயிற்று. பூஜை நேரம் தவறக் கூடாதென்று ராமர் பாறையில் ஒரு பாணம் விட்டார், தண்ணீர் கொட்டியது. அதுதான் ராமர் தீர்த்தம். அப்புறம் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அனுமன் கோபத்தில் வீசியெறிந்த பாத்திரம் தென்பெண்ணைக் கரையில் விழுந்து, அந்த இடம் அனுமன்தீர்த்தம் ஆயிற்று. வறட்சிக்குப் பேர்போன தருமபுரி மாவட்டத்தில் ஒரே அம்பில் தண்ணீர்! மற்ற ஊர்க்காரர்கள் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை குடத்தோடு காத்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, அம்புக்கு இறகு ஒட்டத் தெரியாது என்று சொன்னால் மலை என்ன நினைக்கும்?

அரூர்க் கடைவீதியில் விசாரித்தேன். அம்பு, கணை, பகழி, வாளி, சரம், பாணம் என்று அரை டஜன் சொல் வைத்திருக்கிற மொழியில், கடைக்காரரிடம் அதன் இறகைக் கேட்க எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. "வேன் வேணும்" என்றதற்கு ஒருவர் மணிக்கணக்கா, கிலோமீட்டர் கணக்கா என்று கேட்டார். ஆன்லைனில் இருபத்து நாலு வேன்களுக்கு ஆர்டர் போட்டேன். நாலு நாளில் வரும் என்றார்கள். பத்தாம் நாளும் போனில் "வழியில் இருக்கிறது" என்றே வந்தது. அன்று யாராவது கேட்டிருந்தால் அனுமனும் அதையேதான் சொல்லியிருப்பார்.

ராமரிடம் மாற்று ஏற்பாடு இருந்தது. என்னிடம் பக்கத்து வீட்டு வான்கோழி இருந்தது.

சிரிக்காதீர்கள். பிளாஸ்டிக் வருவதற்கு முன் அம்புக்கு இறகுதான். இன்றும் மரபு வில்காரர்கள் வான்கோழி இறகைத்தான் விரும்புகிறார்கள். 1417இல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி, நாட்டிலுள்ள ஒவ்வொரு பெருவாத்தின் சிறகிலிருந்தும் ஆறு இறகு எடுத்து அனுப்பும்படி அதிகாரிகளுக்கு உத்தரவே போட்டார். எனக்கு அந்த அதிகாரம் இல்லாததால் வேலியோரம் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கினேன். வான்கோழி இதைப் பொறுக்கவில்லை. கழுத்துத் தொங்கலைச் சிவப்பாக்கிக்கொண்டு புளியமரம் வரை துரத்தியது.

வெட்டி ஒட்டிய பிறகுதான் தெரிந்தது: இடது சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், வலது சிறகின் இறகு எதிர்ப்பக்கம் வளையும். ஓர் அம்பில் மூன்றும் ஒரே சிறகைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். நான் இடதில் இரண்டும் வலதில் ஒன்றும் சேர்த்துக் கூட்டணி அமைத்திருந்தேன். கூட்டணி கொஞ்ச தூரம் ஒற்றுமையாகப் போய், பிறகு தனித்தனிக் கொள்கையை அறிவித்தது.

பன்னிரண்டாம் நாள் பார்சல் வந்தது. வாழ்க அனுமன்.

வேலை என்னவோ கேட்கச் சுலபம். பழைய வேனைச் சுரண்டி எடுக்க வேண்டும். கத்தியின் முனையால் அல்ல, மழுங்கிய பக்கத்தால்; அம்பு கார்பன் தண்டு, கீறல் விழுந்தால் அதோடு முடிந்தது. பிறகு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, விரல் படாமல் வைக்க வேண்டும். வட்டத்துக்கு 360 டிகிரி, வேன் மூன்று, ஆக ஒன்றுக்கொன்று 120 டிகிரி. இதற்கென்று ஜிக் என ஒரு கருவி உண்டு. அதன் விலையைப் பார்த்துவிட்டு, மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்தேன். அட்டையில் வட்டம் போட்டு, நடுவில் ஓட்டை குடைந்து, அம்பைச் செருகி, மூன்று கோடு இழுத்தேன். பிடித்துக்கொள்ளத் துணி கிளிப்.

மூன்றில் ஒன்று மட்டும் வேறு நிறம். அது அழகுக்கு அல்ல. நாணைக் கவ்வும் பிளவுக்குக் குறுக்காக அது நிற்க வேண்டும். வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் மற்ற இரண்டும் வில்லில் உரசாமல் கடந்து போகும். துப்பாக்கி மாதிரி தோளில் வைத்துச் சுடும் குறுக்குவில்லாக இருந்தால் அந்தத் தனி நிற வேன் கீழே, அம்பு கிடக்கும் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். இதையெல்லாம் படித்துத் தெளிந்துவிட்டு, தெம்பாகப் பசையைப் பிரித்தேன். பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிற அதே பசை.

அந்தப் பசைக்கும் ஒரு புராணம் உண்டு. 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளரும் அவர் குழுவும், துப்பாக்கியில் குறிபார்ப்பதற்கான தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தற்செயலாக அகப்பட்டது அது. தொட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டதால் தொல்லை என்று தூக்கிப் போட்டார்கள். 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. குறிபார்க்கப் பிறந்து குறி தப்பிப்போன சரக்கு. பல பசைகள் ஈரம் காய்ந்தால் இறுகும். இது ஈரம் பட்டால் இறுகும். காற்றிலுள்ள ஈரம் போதும். வேர்த்த விரல் என்றால் அதற்குத் தீர்த்தம் கிடைத்த மாதிரி.

பங்குனி வெயில். மின்வெட்டு. எனக்கு வேர்த்திருந்தது.

முதல் வேனை வைத்து முப்பது எண்ணினேன். விரலை எடுத்தபோது, அம்பு இடது கையோடு வந்தது. வலது கையால் அதைப் பிரிக்கப் போன அவசரத்தில் அங்கே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்துகொண்டன. வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார். என் வலது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"சின்முத்திரை காட்டிக்கிட்டு உக்காந்திருக்கியேடா. ராமரு என்ன, இப்படித்தான் பசை தடவிக்கிட்டு இருந்தாரா?"

நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன் மகளின் அலமாரியில் இருந்தது. மூடியோ அழுத்தித் திருக வேண்டிய ரகம். அம்மாவுக்குக் கைநடுக்கம், எனக்குக் கையே இல்லை. மனைவி சந்தையிலிருந்து வரும்வரை முக்கால் மணி நேரம் திண்ணையில் தட்சிணாமூர்த்தியாக அமர்ந்திருந்தேன். வழியே போன பெரியவர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுப் போனார்.

மனைவி வந்தாள், பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீரில் சோப்புக் கரைத்து, அசிட்டோன் தொட்டு, இழுக்காமல் மெதுவாக உருட்டி உருட்டி விரலைப் பிரித்தாள். "இதே நேரத்துல ஜிக்கை வாங்கியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மாலைகளில் பதினெட்டு வேன்களும் ஏறின. ஞாயிற்றுக்கிழமை டவுன் மைதானத்தில் 18 மீட்டர் தூரத்தில் மகள் எய்தாள். நாலு அம்பு நேராகப் போயின. ஒன்று நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. தனி நிற வேனை நான் இடம் மாற்றி ஒட்டிய ஆறாவது அம்பு, வில்லில் உரசி, பழைய பாசத்தில் பக்கத்துப் பெண்ணின் போர்டுக்கே போய்விட்டது.

அம்மா கேட்ட கேள்விதான் இன்னும் மனதில் நிற்கிறது. ராமர் பசை தடவவில்லை, சரி. அந்தப் பாணத்துக்கு இறகு கட்டியவர் யார்? வில்லுக்குப் பேர் உண்டு, எய்தவருக்குக் கோயில் உண்டு, தாமதமாக வந்தவருக்குக்கூட ஓர் ஊர் உண்டு. நாணிலிருந்து புறப்படும் அம்பு மீன் மாதிரி வளைந்து நெளிந்துதான் கிளம்புகிறது. பட்டத்துக்கு வால் மாதிரி, அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து நேர்ப்படுத்துவது இறகு. லண்டன்காரர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். அங்கே வில் செய்பவர்களிடமிருந்து அம்பு செய்பவர்கள் 1371இலேயே பிரிந்து தனிச் சங்கம் கண்டுவிட்டார்கள். அது இன்றும் இருக்கிறது. அடுத்த முறை ராமர் தீர்த்தத்தில் தலையை நீட்டும்போது, பேர் தெரியாத அந்த ஆளுக்கும் ஒரு கும்பிடு போடுவதென்று இருக்கிறேன்.

நீங்களும் வீட்டில் அம்புக்கு வேன் ஒட்டப் போவதாக இருந்தால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பசையைத் திறப்பதற்கு முன் அசிட்டோன் பாட்டிலைத் திறந்து வையுங்கள். பின்னால் திறக்கக் கை இருக்காது.