ஆனதோத்து நிலமும் பேரன் செல்போனும்

ஏலே பேரப்பிள்ளை, ராத்திரி ரெண்டு மணிக்கும் உன் ரூமுல வெளிச்சம் தெரிஞ்சுது. பய முழங்கால் போட்டு ஜெபிக்கான்னு நெனச்சி குளுந்து போயிட்டேன். பொறவுதான தெரியுது, ஐயா படுத்துக்கிட்டே உக்ரேன் சண்டையை நடத்திக்கிட்டு இருந்திருக்காரு! காசாவும் உன் பொறுப்புதானாமே? சம்பளம் எவ்வளவுலே?

கேட்டா, "கடைசி காலம் பாட்டையா, மத்தேயு 24 நிறைவேறுது"ங்க. அதே அதிகாரம் 6-வது வசனத்துல, கலங்காதீங்கன்னும் இயேசு சொல்லியிருக்காரே, அதை எந்தக் கோழி கொத்திட்டுப் போச்சி? நாளும் நேரமும் பிதா ஒருத்தருக்குத்தான் தெரியும்னு 36-வது வசனம். உனக்கு வாட்சப் அனுப்புத அண்ணாச்சிக்கும் தெரிஞ்சுபோச்சி போல.

அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒரு சம்சாரி. அவரு கூட்டத்தார் 1844 அக்டோபர் 22-ல ஆண்டவர் வாராருன்னு நாள் குறிச்சாவ. சில பேரு வெளஞ்சதை அறுக்காமலே காத்துக் கெடந்தாவ. 23-ந்தேதி வழக்கம்போல விடிஞ்சுது. 2011-ல ரேடியோக்காரர் ஹெரால்டு கேம்பிங் மே 21-ன்னாரு. அது போயி அக்டோபர் 21-ன்னாரு. அதுவும் போச்சி.

யுத்த காலத்துல என்ன செய்யணும்னு தெரியணும்னா எரேமியா 32-ஐ எடுத்து வாசி. பாபிலோன் படை எருசலேமைச் சுத்தி வளைச்சி மண்மேடு போட்டுருச்சி. நகரம் விழும்னு உள்ளதைச் சொன்னதுக்கே சிதேக்கியா ராசா எரேமியாவைக் காவல்ல வச்சிருக்கான். அந்த நேரம் பார்த்து பெரியப்பா மகன் வந்து, "ஆனதோத்துல என் நிலத்தை வாங்கிக்கோ"ங்கான். வெவரமான பய! எதிரி கூடாரம் போட்டு நிக்குத மண்ணைத் தள்ளிவிட சொந்தக்காரனைத் தவிர வேற யாரு கெடைப்பா? எரேமியா வாங்கினாருல்லா! 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் குடுத்து, பத்திரம் எழுதி, சாட்சி வச்சி, முத்திரை போட்டு, கெட்டுப்போகாம மண்பானையில வைக்கச் சொன்னாரு. திரும்பவும் இந்தத் தேசத்துல வீடும் வயலும் வாங்குவாவன்னு ஆண்டவர் சொன்னதை அவரு நம்பினாரு. நாட்டு நெலவரம் அவருக்குத் தெரியாததா? உன்னை விடக் கூடவே தெரியும். அழுதவரும் அவருதான்.

அதனால கண்ணை மூடிக்கோன்னு சொல்லல. செய்தியைக் காலையில ஒரு தடவை பாரு. யுத்தம் நடக்குத ஊரைப் பேர் சொல்லி ஜெபம் பண்ணு. நிவாரணத்துக்குக் காணிக்கை பிரிச்சா, சில்லறையைத் தேடாம நோட்டாப் போடு. உங்க ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்குன்னு கைப்பிடி அரிசி எடுத்து வைக்கா. சண்டை எந்தத் தேசத்துலன்னு அவளுக்குச் சரியாத் தெரியாது, ஆனா ஒரு நாளும் தவறினதில்ல.

நீ எருசலேம் சமாதானத்துக்கு உருகி உருகி வேண்டுத. வாய்க்கால் தகராறுல சொந்த அண்ணன் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்க. அசனத்துல அவன் இந்தப் பந்தியில உக்காந்தா நீ அந்தப் பந்தி! ஐ.நா. சபையையா அனுப்பச் சொல்லுத?

சரி, ஆண்டவர் இந்த வருசமே வாராருன்னு அவ்வளவு நிச்சயமா இருக்கியே, எங்கிட்ட வாங்கின கைமாத்தை இந்த வாரமே குடுத்துரு. வட்டி வேண்டாம்லே.