ஏரிக்குப் பொருத்தம் பார்க்கும் அத்தான்

மே மாதம் பாதி கடந்ததும் ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். பனி அள்ளும் சவள் கராஜின் மூலைக்குப் போகும். அத்தானின் தொலைபேசி அழைப்பு வரும்.

"தம்பி, இந்த வருசம் எந்தத் தண்ணி?"

வேறொருவர் கேட்டால் இந்தக் கேள்விக்கு அர்த்தம் வேறு. அத்தான் கேட்டால் அது ஏரி.

ரொறன்ரோவில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கோடைக்கு வெளிக்கிட்டால் அதில் ஓர் அத்தான் இருப்பார். சில வீடுகளில் அவர் சித்தப்பா, சில வீடுகளில் பெரிய மாமா. பெயர்தான் மாறும், கோலம் மாறாது. முழங்கால்வரை சுருட்டிய காற்சட்டை, கழுத்தில் துவாய், சட்டைப் பையில் நாலாக மடித்த தாள். அந்தத் தாளில் பிள்ளைகளின் பெயர்கள் வயது வாரியாக இருக்கும். பக்கத்தில் நீந்தத் தெரியும், தெரியாது, தெரியுமெண்டு சொல்லுவான் என்று மூன்று குறிப்புகள். மூன்றாவது வகைதான் ஆபத்தானது என்பது அவர் கட்சி.

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுற்றிவரக் கடல், உள்ளே கிணறும் குளமும், அவ்வளவுதான். அங்கிருந்து வந்தவரை, சுமார் 2,50,000 ஏரிகள் இருப்பதாகச் சொல்லப்படும் ஒன்ராறியோ மாகாணத்தில் இறக்கிவிட்டால் என்ன செய்வார்? பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற தகப்பன் செய்வதைத்தான் செய்வார். எல்லாக் குறிப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிக் கழிப்பார்.

முதலில் பார்ப்பது குணப்பொருத்தம். "ஒன்ராறியோ ஏரி பெரிய இடம், ஆனால் சேராது" என்பார். சராசரி ஆழமே 86 மீற்றர். இத்தனை ஆழம் சூடேறுவதற்குள் கோடை பாதி போய்விடும். ஆடி மாதத்திலும் காற்று ஒரு நாள் திசை மாறினால் மேலே இருந்த வெதுவெதுப்பான தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அடியிலிருந்த குளிர் மேலே வரும். நேற்றுக் குளித்த பிள்ளை இன்று கால் வைத்ததும் அலறும். "நேற்று வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிட்ட சம்பந்தி இண்டைக்கு முகத்தைத் திருப்புற மாதிரி" என்பது அத்தானின் விளக்கம்.

ஈரி என்றொரு ஏரி இருக்கிறது. பேரேரிகள் ஐந்தில் அதுதான் ஆழம் குறைந்தது, சராசரி 19 மீற்றர். கெதியாகச் சூடேறும். ஆனால் ஆழம் குறைந்ததாலேயே காற்றடித்தால் கெதியாகக் கொந்தளிக்கும். "நல்ல மனுசன், முன்கோபம்" என்று எழுதி மூடிவிட்டார். கடைசியில் சிம்கோ ஏரிக்குத்தான் அவர் மனம் சாயும். பேரேரிகளின் வரிசையில் சேராதது, ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலச் சொச்சம், கரையில் மணல், கொஞ்சத் தூரத்துக்கு ஆழமில்லை. "நடுத்தரக் குடும்பம். எங்களுக்கு அது போதும்."

இரண்டாவது, இரத்தப் பரிசோதனை. மாப்பிள்ளைக்கு அல்ல, தண்ணீருக்கு. ரொறன்ரோ நகரசபை கோடையில் தன் கடற்கரைகளின் தண்ணீரை நாள்தோறும் சோதிக்கிறது. 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி 100-ஐத் தாண்டினால் குளிக்க வேண்டாம் என்று அறிவித்துவிடுவார்கள். நாங்கள் காலையில் காலநிலை பார்ப்போம், அத்தான் ஈ.கோலி பார்ப்பார். முதல் நாள் மழை பெய்திருந்தால் பயணமே இல்லை. தெருவெல்லாம் கழுவிய அழுக்கும் பழைய சாக்கடைக் குழாய்களில் நிரம்பி வழிவதும் மழையோடு ஏரிக்குள் போகும், இரண்டு நாளாவது விடவேண்டும் என்பார். மிச்ச அழுக்குக்கு அவர் குற்றம் சாட்டுவது கனடா வாத்துகளை. கரையில் அவை கூட்டமாக நடந்து போவதைக் கண்டால் நின்று முறைப்பார். வாத்துகளும் முறைக்கும். இதுவரை எந்தப் பக்கமும் விட்டுக்கொடுத்ததில்லை.

மூன்றாவது, மலசலகூடப் பொருத்தம். இறங்கியதும் அத்தான் தண்ணீரைப் பார்க்க மாட்டார். கழிப்பறையிலிருந்து மணல்வரை காலடி எண்ணிக்கொண்டு வருவார். நூற்றைம்பது அடிக்கு மேல் போனால் வாகனத்தில் ஏறு என்பார். "நாலு வயசுப் பிள்ளை 'வருது' எண்டு சொன்னால், அது வந்திட்டுது எண்டு அர்த்தம்." இதை மறுத்துப் பேச எங்களில் ஒருவருக்கும் அனுபவம் போதாது.

பிறகு நிழல் பொருத்தம், அடுப்பு மூட்ட விடுவார்களா என்கிற நெருப்புப் பொருத்தம், எல்லாவற்றிலும் கடினமான வாகனத் தரிப்புப் பொருத்தம். சில ஊர்களில் ஊரவருக்கு ஒரு கட்டணம், எங்களைப் போல வந்து போகிறவர்களுக்கு வேறு கட்டணம். மாகாணப் பூங்காக்களிலோ பகல் அனுமதியை 5 நாள் முன்னதாகக் காலை 7 மணிக்கே பதிவு செய்யலாம். அந்தக் காலை 6.50-க்கு அத்தான் குளித்து, திருநீறு பூசி, மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பார். அக்கா மூச்சுக் காட்டாமல் கோப்பியை வைத்துவிட்டுப் போவாள். 7.01-க்கு அனுமதி கிடைத்துவிட்டால் குடும்பத்தின் குறுஞ்செய்திக் குழுவில் ஒரு சொல் விழும்: "முற்றாயிற்று."

அத்தான் பிறவியிலேயே இத்தனை எச்சரிக்கையான ஆள் இல்லை. அவரை இப்படி ஆக்கியது ரொறன்ரோத் தீவு.

பல வருடங்களுக்கு முந்திய கதை. தீவுக்குப் போகும் படகுத்துறையில் மூன்று வரிசைகள். சென்டர் தீவுக்கான வரிசை தெருவைத் தொட்டது, பிள்ளைகளின் ராட்டினமெல்லாம் அங்கேதான். அத்தான் ஒரு பார்வை பார்த்தார். "எல்லாம் ஒரே தீவுதான். சனம் குறைஞ்ச வரிசையில நிப்பம்." அது ஹன்லன்ஸ் பொயின்ற் வரிசை. நாங்கள் பன்னிரண்டு பேர், மூன்று கூலர், ஒரு பாய், மாமியார் உட்படச் சேலை உடுத்த நான்கு பெண்கள். இறங்கி மரங்களினூடே நடந்து மணலுக்கு வந்தோம். அங்கே ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. அத்தான் அன்றைக்குப் பலகையைப் பார்க்கவில்லை. உடை உடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்று நகரசபையே ஒதுக்கிய பகுதி அது.

ஐந்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. மாமியார்தான் முதலில் வாய் திறந்தார்.

"தம்பி, பாவங்கள். உடுப்பு மாத்த இடமில்லைப் போலை கிடக்கு. எங்கடை துவாயில ரெண்டைக் குடுத்து விடுங்கோவன்."

அன்றைக்குத் திரும்பிய வேகத்தில் அத்தான் வாழ்க்கையில் எந்தக் கரையையும் விட்டு வந்ததில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தாளும் பேனையும், பொருத்தமும். பலகை என்று எதைக் கண்டாலும் இப்போது கடைசி வரிவரை படிக்கிறார். மீன்பிடி விதிகளையும் விடுவதில்லை.

பயண நாளுக்கு வருவோம். காலை 6 மணிக்குப் புறப்பாடு என்று அறிவித்திருப்பார். 9.45-க்கு மூன்று வான்கள் கிளம்பும். வாகனத்துக்குள் ஆட்டிறைச்சி றோல்ஸ் ஒரு பெட்டி, கட்லட் ஒரு பெட்டி, அலுமினியத் தட்டுகளில் புரியாணி, கொத்துரொட்டி, மசாலா பிரட்டிய கோழிக்கால், தர்பூசணி இரண்டு, மோர் ஒரு கலன். குளிக்கப் போகிற உடுப்பு மட்டும் ஒரு சின்னப் பையில் இருக்கும், அந்தப் பையும் சில வருடங்களில் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

கரையில் இறங்கியதும் அத்தானின் இரண்டாவது உத்தியோகம் தொடங்கும். மாகாணப் பூங்காக் கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. நகரத்துக் கரைகளில் உயர நாற்காலியும் சிவப்புச் சட்டையும் உண்டு, இங்கே அவரவர் பிள்ளை அவரவர் பொறுப்பு. ஆகவே அத்தான் எண்ணுவார். ஒன்பது பிள்ளைகள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, விரலை நீட்டாமல், உதடு மட்டும் அசையும். யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் நடுவில் கண் அந்தப் பக்கம் போய்வரும். ஒரு தடவை எண்ணிக்கை பத்து வந்துவிட்டது. எட்டு வந்திருந்தால்கூட அந்த மனிதர் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். இரண்டாம் முறையும் பத்து, மூன்றாம் முறையும் பத்து. கடைசியில் பக்கத்துக் குடையிலிருந்து வந்த பஞ்சாபிப் பையன் ஒருவன் எங்கள் பிள்ளைகளோடு வரிசையில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அத்தான் அவனுக்கு இன்னொரு றோல்ஸ் கொடுத்துத் தாளில் அவன் பெயரையும் எழுதிக்கொண்டார். பக்கத்தில் "நீந்தத் தெரியுமெண்டு சொல்லுவான்."

மூன்றாவது உத்தியோகம் எல்லைக்கல். பிள்ளைகளுக்கு அவர் இட்ட சட்டம் ஒன்றே: "நான் நிக்கிற இடத்துக்கு அங்காலை ஒருத்தரும் போகப்படாது." தண்ணீருக்குள் இறங்கி, தொடைவரை வந்ததும் நின்றுவிடுவார். அங்கேயே நிற்பார், மணிக்கணக்காக. பிள்ளைகளின் ரப்பர்ப் பிளமிங்கோவைக் காற்றுக் கரையிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் அதையும் நைலோன் கயிற்றால் தன் இடுப்பில் கட்டிக்கொள்வார். தூரத்திலிருந்து பார்த்தால் அத்தானுக்குப் பிளமிங்கோவைக் கட்டியிருக்கிறதா, பிளமிங்கோவுக்கு அத்தானைக் கட்டியிருக்கிறதா என்று சொல்ல முடியாது.

ஏன் தொடைவரை? அத்தானுக்கு நீந்தத் தெரியாது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவர். ஆனால் சின்ன வயதில் கடலுக்குப் போகவிடவில்லை, வளர்ந்தபோது நாட்டு நிலைமை விடவில்லை. இதை அவர் மறைத்ததுமில்லை. "நீந்தத் தெரிஞ்சவன் நிக்கிற இடத்தை நம்பேலாது, தம்பி. தெரியாதவன் நிக்கிற இடம்தான் சரியான எல்லை." இந்தத் தர்க்கத்தில் ஓட்டை தேடி நான் பல கோடைகளைக் கழித்துவிட்டேன்.

சிம்கோ ஏரியின் தென்கரையில் சிபால்ட் பொயின்ற் பூங்காவுக்கு ஒரு வருடம் போனோம். அதை ஒட்டியிருக்கிற சிறிய கல்தேவாலயத்தின் வளவில்தான் ஸ்டீபன் லீகொக் புதைக்கப்பட்டிருக்கிறார். 1944-இல் மறைந்தவர், கனடாவின் பெரிய நகைச்சுவை எழுத்தாளர். சாப்பாட்டுக்குப் பிறகு அத்தானையும் கூட்டிக்கொண்டு போய்க் கல்லறையைக் காட்டினேன். 1912-இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு சின்ன ஊரே சேர்ந்து கப்பலில் ஏரிச் சுற்றுலா போகிறது, கப்பல் மூழ்குகிறது, ஒரே அமளி, கடைசியில் பார்த்தால் ஏரிக்கு அங்கே ஆழமே இல்லை என்று கதை சொன்னேன். அத்தான் சிரிக்கவில்லை.

"எத்தினை அடி?"

"ஆறடிக்கும் குறைவு, அத்தான்."

"ஆறடியோ! பிள்ளையளுக்கு அது கூட. கப்பலில எண்ணிப் பாக்க ஆள் வைக்கேல்லையோ?"

லீகொக் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

போன கோடையில் பிள்ளைகள் கலகம் செய்தார்கள். ஒரே ஏரி, ஒரே எல்லை, அலுத்துவிட்டதாம். அத்தான் மறுபடி தாளை எடுத்து, பொருத்தமெல்லாம் பார்த்து, வசாகாவுக்குச் சம்மதித்தார். ஹூரன் ஏரியின் ஜோர்ஜியன் வளைகுடாவில் 14 கிலோமீற்றர் நீளத்துக்கு மணல். உலகிலேயே நீளமான நன்னீர்க் கடற்கரை என்று பெயர் பெற்றது. 1934-இல் இந்த மணலையே ஓடுபாதையாக்கி இங்கிலாந்துவரை ஒரு விமானம் பறந்திருக்கிறது. அத்தானைக் கவர்ந்தது நீளமுமல்ல, விமானமுமல்ல. "கன தூரத்துக்கு ஆழமில்லையாம்."

அன்றைக்குக் காற்றில்லை, அலையில்லை. ஈ.கோலி நல்லபடி. கழிப்பறை தொண்ணூறு காலடி. குறை சொல்ல ஒன்றுமில்லாததால் அத்தான் கொஞ்சம் நிம்மதியில்லாமல் இருந்தார். காற்சட்டையைச் சுருட்டி, பிளமிங்கோவைக் கட்டி, எல்லை போட இறங்கினார். பின்னால் ஒன்பது பிள்ளைகள்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. நடந்தார். முழங்காலுக்கு வந்தது. நடந்தார். பிறகு மணல்திட்டு வந்து மறுபடி கணுக்காலுக்கு இறங்கியது. நடந்தார். தொடையைத் தேடி மனிதர் போய்க்கொண்டே இருந்தார். கரையில் அக்கா எழுந்து நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அத்தான் கம்பமளவு ஆனார், பிறகு குச்சியளவு. பிளமிங்கோ ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி. பிள்ளைகள் பாதி வழியில் அலுத்துத் திரும்பி, கரையோரம் ஒரு குழி தோண்டி, வாளியால் தண்ணீர் ஊற்றி, அந்தக் குழிக்குள் ஒன்பது பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே அவ்வளவு பெரிய ஏரி சும்மா கிடந்தது.

மாமியார் கதிரையிலிருந்தபடி கேட்டார்: "தம்பி எங்கை, ஊருக்கே நடந்து போறார்?"

முக்கால் மணித்தியாலம் கழித்து அத்தான் திரும்பி வந்தார். முதலில் குழிக்குள் எட்டிப் பார்த்து எண்ணினார். ஒன்பது. பிறகு கயிற்றை அவிழ்த்து, துவாயை உதறி, மடித்த தாளை வெளியே எடுத்து, வசாகாவுக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

"என்ன அத்தான், சரிவரேல்லையோ?"

அவர் ஏரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இடம் நல்ல இடம்தான், தம்பி. ஆனால் தண்ணி காணாது."