மலையுச்சியில் முதுகு காட்டி நிற்றல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

கோடை விடுமுறையில் மலையேறும் தமிழர்கள் அங்கே போய் என்னதான் செய்கிறார்கள் என்பதை நம் அறிஞர்கள் இதுவரை முறையாக ஆராயவில்லை. நடக்கிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய் தின்கிறார்கள். இவையெல்லாம் மெரினாவிலும் நடப்பவை. மலைக்கே உரிய செயல் ஒன்றுதான் உண்டு. பாறை நுனிக்குப் போய், பள்ளத்தாக்குக்கு முகத்தையும் கைப்பேசிக்கு முதுகையும் கொடுத்து நிற்பது. இதனால் விளையும் பொருளை இக்கட்டுரை ‘முதுகுப்படம்’ என்று வழங்கும்.

ஆய்வுக் களம், கொடைக்கானலில் வட்டக்கானலை அடுத்துள்ள டால்பின் நோஸ். பாறை தட்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி போகாது, மர வேர்களையே படியாக வைத்து நடந்துதான் இறங்க வேண்டும். வழிநெடுக பிரெட் ஆம்லெட் கிடைப்பதால் ஆய்வாளர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம்.

முதலில் வரலாறு. முதுகு காட்டுவது தமிழர்க்கு உவப்பான செயலாக ஒருகாலத்தில் இருக்கவில்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் மார்பைத் துளைத்து முதுகிலும் புண் செய்துவிட்டது என்பதற்காகவே, அதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான் சேரமான் பெருஞ்சேரலாதன். மகன் போரில் முதுகு காட்டினான் என்று ஊரார் சொல்லக் கேட்டு, அது உண்மையானால் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போன முதியவளையும் புறநானூறு காட்டுகிறது. அந்த மரபில் வந்த ஒருவர் இன்று இரண்டு கையையும் விரித்து முதுகைக் காட்டி நின்று, அதையே வாட்ஸ்அப் முகப்பில் ஆறு மாதம் வைத்துக்கொள்கிறார். இடையில் என்ன நடந்தது?

ஐரோப்பாவில் குற்றவாளி ஒருவர் அகப்படுகிறார். காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஹ் என்ற ஜெர்மன் ஓவியர் 1818 வாக்கில் தீட்டிய படம் ஹாம்பர்க் நகரின் கலைக்கூடத்தில் இருக்கிறது. பாறைமேல் பச்சைக் கோட்டு மனிதர், கையில் தடி, எதிரே மூடுபனிக் கடல், நமக்கு முதுகு. முதுகுப்படத்தின் இலக்கணம் முழுதும் இதில் உண்டு. இன்னொன்றும் உண்டு. சாக்சனி மலைகளில் தனித்தனியாக வரைந்து வைத்திருந்த பாறைகளையும் சிகரங்களையும் அறைக்குள் உட்கார்ந்து ஒன்று சேர்த்துத்தான் அவர் அந்தக் காட்சியை உருவாக்கினார். ஆக, ‘எடிட்’ செய்வதும் அன்றே தொடங்கிவிட்டது.

1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் எடுத்த படத்தையும் சிலர் சான்று காட்டுவார்கள். அதில் டென்சிங் நார்கே நிற்கிறார்; முகம் பிராணவாயு முகமூடிக்குள். முகம் தெரியாத உச்சிப் படம் என்ற அளவில் ஏற்கலாம். அவரோடு ஏறிப் படம் எடுத்த ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் கிடையாது. குழுவில் யாருக்குக் கேமரா நன்றாக வருமோ அவருக்குப் படம் அமையாது என்னும் விதி எட்டாயிரம் மீட்டருக்கு மேலும் செல்லும் என்பது இதனால் பெறப்படும்.

அடுத்து இலக்கணச் சிக்கல். தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பொழுதாக வகுத்தார். வேனில் பாலைக்கு உரியது. மே மாதத்தில் மலையேறுவது பாலையின் பொழுதில் குறிஞ்சியின் நிலத்தில் நிற்பது. இது திணை மயக்கம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னதைப் பாடப்புத்தகத்தோடு விட்டுவிட்டோம். 2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டபோது, எழுபது ஆண்டுகளில் இல்லாத வெப்பம் என்று செய்தி வந்தது. குளிருக்காகப் போனவர்கள் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு முதுகுப்படம் எடுத்தார்கள். அந்த ஆண்டுப் படங்களை இந்த முடிச்சை வைத்தே இனங்காணலாம்.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாடும் தொல்காப்பியர் கணக்கில் எட்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. முதுகில் இவற்றுள் எது தோன்றும்? படத்தைப் பார்ப்பவர்கள் மருட்கை என்று கொள்கிறார்கள். மலையைக் கண்டு மெய்ம்மறந்து நிற்கிறாராம். கள ஆய்வு வேறு சொல்கிறது. பாறையில் பதிவான உரையாடல் ஒன்று:

“டேய், திரும்பாத. அப்படியே நில்லு. கைய விரி. இன்னும் கொஞ்சம் முன்னாடி போ… ஐயோ, போதும் போதும்!”

“எடுத்துட்டியாடா?”

“இருடா, எவன் தொப்பியோ உள்ள வருது.”

“சீக்கிரம்டா, காலு நடுங்குது.”

நிற்பவரிடம் உள்ளது அச்சம். எடுப்பவரிடம் உள்ளது வெகுளி. கண் எதிரே பெரியகுளம் வரை சரியும் மலைச்சரிவு விரிந்து கிடக்க, நிற்பவருடைய கவனம் முழுதும் பின்னால் கேட்கப்போகும் ‘கிளிக்’ மேலேயே இருக்கிறது. பாறையில் உள்ள அத்தனை பேரிலும் அந்தக் கணத்தில் மலையைப் பார்க்காத ஒரே மனிதர், மலையைப் பார்த்து நிற்பவர்தான்.

இனி ஒளியியல். கைப்பேசியில் 0.5 என்று அழுத்தினால் அகலக் காட்சி கிடைக்கும். காலடிப் பாறை பூதாகரமாகும், தூரத்து மலை சுண்டிப்போகும். மலை பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் எடுப்பவர் நன்றாகப் பின்னால் தள்ளிப் போய் 3 மடங்கு வைத்து எடுக்க வேண்டும். அப்போது நண்பரின் முதுகு அதே அளவில் இருக்க, எதிர்மலை எழுந்து நெருங்கி வரும். ஆனால் பின்னால் போகப் போக இடையில் இருபது பேர் வந்துவிடுவார்கள். எனவே படத்தில் தனிமை கூடக்கூட மலை சிறுக்கும். இவ்விதியை யாரும் தங்கள் பெயரில் பதிந்துகொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

தனிமை என்றேன். இந்த ஆய்வின் மையமே அதுதான். முதுகுப்படத்தில் எப்போதும் ஒரே ஆள். சுற்றிலும் ஈ காக்கை கிடையாது. அந்தத் தனிமையை உண்டாக்குவது வரிசையில் நிற்கும் மற்றவர்கள். முந்தியவர் விலக, பிந்தியவர் குழந்தையை இழுத்துப் பிடிக்க, ஓரத்தில் நிற்பவர் தொப்பியைக் கழற்ற, இத்தனை பேரின் ஒத்துழைப்பில் ஒருவர் இரண்டு நிமிடம் தனியாக இருக்கிறார். பேருந்து வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போடும் சமூகம், ஒரு சோற்றுப்பருக்கையைக்கூட இலவசமாகத் தராத பாறைக்காக இப்படி அடக்கமாக வரிசையில் நிற்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை. படச் சட்டத்துக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடக்கும். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி. பாட்டில் அதைக் கட்டிவிட்டுத்தான் கிடக்கிறதா என்று கேட்டறிய வழியில்லை.

இந்த ஆளற்ற படத்தைப் பார்த்துவிட்டு, ‘அமைதியான இடம் போலிருக்கிறதே’ என்று மறுவாரம் மற்றவர்கள் கிளம்புகிறார்கள். நெரிசல் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்தக் கோடைக்கு எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது: கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. அந்தக் கணக்கில் வண்டிக்கு நான்கு பேர் என்று கொண்டால், கொடைக்கானலுக்குச் சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் 16,000 முதுகுகள் வரலாம். முதுகுக்கு இரண்டு நிமிடம், பகல் பத்து மணி நேரம் என்றால் ஒரு பாறை நாளொன்றுக்கு 300 முதுகுகளைத்தான் தாங்கும். 54 பாறை நுனிகள் வேண்டும். அவ்வளவு இல்லை. வருவாய்த் துறை கவனிக்க வேண்டிய விஷயம் இது.

படத்தின் பின்னணிப் பச்சையையும் ஒரு வார்த்தை சொல்லிக் கடந்துவிடலாம். ‘இயற்கையின் மடியில்’ என்று தலைப்பிட்ட படங்கள் பலவற்றில் தெரிவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில், தைல மரம், பைன். இந்த மலைக்கே உரிய சோலையும் புல்வெளியும் குட்டையானவை. முதுகுக்குப் பின்னணியாக எடுப்பாக வருவதில்லை.

மறுப்புரை ஒன்று உண்டு. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பத்தா, பேரன் காட்டிய படத்தைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: “மூஞ்சியக் காட்டாம என்னடா போட்டா? இது நீதான்னு எவன் நம்புவான்?” பேரனிடம் பதில் இல்லை, ஆய்வாளரிடமும் இல்லை. முதுகுப்படங்களை ஒருவருக்கொருவர் மாற்றிப் பதிவேற்றினால் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்பது எதிர்கால ஆய்வுக்கு ஏற்ற களம்.

பாறைக்கு இப்பால், எல்லோருடைய செருப்பையும் பையையும் சுமந்துகொண்டு நிற்கும் சித்தப்பாவைப் பற்றியும் தனி ஆய்வு தேவை. எந்தப் படத்திலும் அவர் இல்லை. மலையை முழுசாகப் பார்க்க நேரம் உள்ளவர் அவர் ஒருவர்தான் என்ற கருதுகோளோடு அவரை அணுகி, “என்ன சார், எப்படி இருக்கு?” என்று கேட்டேன். அவர் பள்ளத்தாக்கிலிருந்து கண்ணெடுக்காமல், “பார்க்கிங்குக்கு உங்ககிட்ட எவ்வளவு வாங்குனான்?” என்றார்.